ஏசி அறையில் கரியமில வாயு: அளந்த கதையும் அடைத்த வென்டிலேட்டரைத் திறந்த கதையும்

எங்கள் படுக்கையறை பத்துக்குப் பதினோரு அடி. கூரை பத்தடி உயரம். சென்னையில் பழைய அடுக்குமாடி வீடு என்பதால் ஜன்னலுக்கு மேலே ஒரு சின்ன வென்டிலேட்டர் இருந்தது. நான்கு வருடத்துக்கு முன்னால் ஸ்ப்ளிட் ஏசி மாட்ட வந்தவர்கள், "இதை விட்டா குளிர் நிக்காது சார்" என்று அதைத் தெர்மாகோல் வைத்து அடைத்து, மேலே ப்ளைவுட் அறைந்து, ஓரமெல்லாம் சிலிகான் பூசிவிட்டுப் போனார்கள். கதவுக்கு அடியில் ரப்பர் பட்டையை நானே வாங்கி ஒட்டினேன். கரண்ட் பில் குறைகிறதே என்று சந்தோஷமாகத்தான் இருந்தது.

இந்த வருடம் கோடை தொடங்கியதிலிருந்து காலையில் எழுந்தால் மனைவிக்குத் தலை கனமாக இருந்தது. பல் தேய்த்து, காபி குடித்து, ஹாலில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் சரியாகிவிடும். எட்டு வயது மகன் விடிய விடியப் புரண்டுகொண்டே இருப்பான். ஊரிலிருந்து வந்த அம்மா அந்த அறையில் இரண்டு இரவு படுத்தார். மூன்றாம் நாள் பாயைச் சுருட்டிக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டார். "ரூம்ல மூச்சு முட்டுதுடா. ஒரு ஜன்னலையாவது திறந்து வை" என்றார். "ஏசி ஓடுதும்மா, நல்ல காத்துதானே வருது" என்று பதில் சொன்னேன். அந்தப் பதில் எவ்வளவு தப்பு என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதமும் மூவாயிரம் ரூபாயும் ஆனது.

ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதே இல்லை. அறைக்குள் இருக்கும் காற்றையே இழுத்து, குளிர்ந்த சுருள் வழியாக அனுப்பி, அதையே திரும்ப நம் மேல் வீசுகிறது. வெளியே இருக்கும் பெட்டிக்கும் உள்ளே இருக்கும் பெட்டிக்கும் நடுவில் ஓடுவது செம்புக் குழாய்களில் கேஸ் மட்டும்தான். காற்று அந்தச் சுவரைத் தாண்டுவதில்லை. இதைப் பல பேர் நம்ப மாட்டேன் என்கிறார்கள், நானும் அப்படித்தான் இருந்தேன்.

ஆக்சிஜன் இல்லை, வேறு ஏதோ

முதலில் எனக்கு வந்த சந்தேகம் எல்லோருக்கும் வருவதுதான்: மூடிய அறையில் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறதோ? கொரோனா காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்ஸிமீட்டர் அலமாரியில் கிடந்தது. அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்து மூன்று பேர் விரலிலும் மாட்டிப் பார்த்தேன். ரத்தத்தில் ஆக்சிஜன் 97, 98, 98 சதவீதம், வழக்கமான அளவுதான். பகலிலும் அதேதான்.

அந்தக் கருவி கையில் இருக்கும்போதே இன்னொன்றையும் செய்து பார்த்தேன். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, சாதாரணமாக ஒரு மூச்சு விட்டுவிட்டு, அப்படியே தம் கட்டினேன். முப்பது நொடியில் தொண்டை இறுகியது. நாற்பத்தைந்தாவது நொடியில் வயிறு தானாகத் துடிக்க ஆரம்பித்தது. அதற்கு மேல் முடியாமல் மூச்சை இழுத்துவிட்டேன். விரலில் இருந்த கருவி முழு நேரமும் 98 காட்டிக்கொண்டிருந்தது. விரலுக்கு ரத்தம் வந்து சேரக் கொஞ்சம் தாமதமாகும் என்பதால் அடுத்த ஒரு நிமிடமும் பார்த்தேன். 96-க்குக் கீழே இறங்கவில்லை. ஆக்சிஜன் வேண்டிய அளவு இருக்கும்போதே உடம்பு "மூச்சு விடு, மூச்சு விடு" என்று கத்துகிறது. அதைக் கத்த வைப்பது உள்ளே சேரும் கரியமில வாயு, அதாவது கார்பன் டை ஆக்சைடு.

ரத்தத்தில் கரையும் கரியமில வாயு தண்ணீரோடு சேர்ந்து கார்பானிக் அமிலமாகிறது. நுரையீரலுக்குத் திரும்பும் கரியமில வாயுவில் ஏறக்குறைய எழுபது சதவீதம் பைகார்பனேட்டாக மாறித்தான் பயணம் செய்கிறது. வாயு கூடினால் ரத்தத்தின் அமிலத்தன்மை துளி கூடும். அந்தத் துளி மாற்றத்தை மூளைத் தண்டில் உள்ள முகுளம் உடனே கண்டுபிடித்து மூச்சை வேகப்படுத்துகிறது. ரத்தத்தில் இதன் அழுத்தம் 35 முதல் 45 மில்லிமீட்டர் பாதரசத்துக்குள் நிற்கும்படி, நாம் தூங்கும்போதும் அது பார்த்துக்கொள்கிறது. மூச்சின் கடிவாளம் கரியமில வாயுவின் கையில் இருக்கிறது என்பதை இங்கிலாந்தில் ஹால்டேன், பிரீஸ்ட்லி என்ற உடலியல் ஆய்வாளர்கள் 1905-இல் சோதனை செய்து எழுதினார்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஊர்க் கிணற்றில் "யார் அதிக நேரம் தண்ணிக்குள்ள இருக்கிறது" என்று பையன்கள் போட்டி போடுவார்கள். நாங்களும் போட்டிருக்கிறோம். குதிப்பதற்கு முன்னால் மூச்சை வேக வேகமாக இழுத்து இழுத்து விட்டால் கூடுதல் நேரம் தாக்குப்பிடிக்கலாம் என்று பெரிய பையன்கள் சொல்லித் தருவார்கள். தாக்குப்பிடிக்க முடியும் என்பது உண்மைதான். ஆனால் அதற்குக் காரணம் ஆக்சிஜன் கூடுவது இல்லை. கரியமில வாயு வெளியேறிவிடுவதால் உடம்பின் எச்சரிக்கை மணி தாமதமாக அடிக்கிறது. மணி அடிப்பதற்குள் ஆக்சிஜன் இறங்கி, தண்ணீருக்குள்ளேயே நினைவு தப்பிவிடும். நன்றாக நீச்சல் தெரிந்தவர்களும் இப்படி இறந்திருக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

சரி, அறைக்கு வருவோம். சந்தேகம் கரியமில வாயுவின் பக்கம் திரும்பியது. அளந்து பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

கருவி

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனேன். "கார்பன் டை ஆக்சைடு சென்சார்" என்று கேட்டதும் ஒரு கடையில் எம்க்யூ-135 என்ற சின்ன உருளையை எடுத்துத் தந்தார்கள். நூற்றைம்பது ரூபாய். வீட்டுக்கு வந்து இணைத்தால் மூன்று பேர் தூங்கும் அறையில் 410, 415 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் இத்தனை பங்கு) என்று, ஏதோ வெளிக்காற்று மாதிரி காட்டியது. ஆனால் சமையலறையில் மனைவி கடுகு தாளித்ததும் 1,900-க்குப் பாய்ந்தது. சாமி அறையில் ஊதுபத்தி ஏற்றினால் அதற்கும் மேலே. காரணம் எளிது. அதன் உள்ளே இருப்பது சூடாக்கப்பட்ட டின் ஆக்சைடு. ஆல்கஹால், புகை, அம்மோனியா மாதிரி வேதிவினைக்கு உட்படும் வாயுக்கள் பட்டால் அதன் மின்தடை மாறும். கரியமில வாயு ஏற்கெனவே எரிந்து முடிந்த பொருள் என்பதால் அதனால் அங்கே பெரிதாக எதுவும் நடக்காது. இணையத்தில் இதை வைத்து "காற்றுத் தரக் கருவி" செய்யும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. கரியமில வாயுவுக்காக இதை வாங்காதீர்கள். மலிவான ரெடிமேட் கருவிகள் சிலவற்றிலும் உள்ளே இதே வகை சென்சார்தான் இருக்கும். அட்டைப்பெட்டியில் என்டிஐஆர் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கருவியின் மேல் நேராக மூச்சை ஊதினால் எண் ஆயிரக்கணக்கில் ஏற வேண்டும், கொஞ்சம் சானிடைசரைப் பக்கத்தில் காட்டினால் அவ்வளவாக அசையக் கூடாது. எது அசல் என்று ஓரளவு அதிலேயே தெரிந்துவிடும்.

என்டிஐஆர் என்பது அகச்சிவப்பு ஒளியை வைத்து அளக்கும் முறை. கரியமில வாயு 4.26 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளியை விழுங்கும். ஒரு குட்டிக் குழாயின் ஒரு முனையில் விளக்கு, மறுமுனையில் அந்த அலைநீளத்தை மட்டும் பார்க்கும் உணரி. நடுவில் எவ்வளவு வாயு இருக்கிறதோ அவ்வளவு ஒளி குறைந்து வந்து சேரும். 1859-இல் ஜான் டின்டால் என்ற இயற்பியலாளர் லண்டனில் வாயுக்கள் வெப்பக் கதிரை விழுங்குவதை அளந்தார். பூமி சூடாவதற்கும், ஆபரேஷன் தியேட்டரில் நோயாளி விடும் மூச்சை அளக்கும் கருவிக்கும், என் மேசையில் கிடக்கும் இந்தச் சின்னப் பெட்டிக்கும் அடிப்படை அந்த ஒரே குணம்தான். நினைத்துப் பார்த்தால் எனக்கு இன்னும் ஆச்சரியமாக இருக்கிறது.

இரண்டாவது முறை எம்எச்-இசட்19பி என்ற என்டிஐஆர் சென்சாரை வாங்கினேன். கூடவே அதன் எண்களைப் படிக்க இஎஸ்பி32 என்ற குட்டிக் கணினி போர்டு, ஓர் இஞ்சுக்கும் சிறிய ஓஎல்இடி திரை, ஜம்பர் வயர். எல்லாம் சேர்த்து மூவாயிரத்துக்குள் அடங்கியது. இணைப்பு நான்கே வயர்தான்: ஐந்து வோல்ட், கிரவுண்ட், அனுப்பும் கால், வாங்கும் கால். சென்சாரின் அனுப்பும் கால் போர்டின் வாங்கும் காலுக்குப் போக வேண்டும். நான் நேருக்கு நேர் இணைத்துவிட்டு ஒரு மாலை முழுக்கப் பதிலே வராமல் விழித்தேன். அப்புறம் போர்டின் 3.3 வோல்ட் காலிலிருந்து சென்சாருக்கு மின்சாரம் கொடுத்தது இரண்டாவது தப்பு. விளக்கு எரியும் ஒவ்வொரு முறையும் அது 150 மில்லிஆம்பியர் வரை இழுக்கும், ஐந்து வோல்ட்டே வேண்டும். இல்லையென்றால் எண்கள் தாவிக்கொண்டே இருக்கும்.

சென்சாரிடம் கேட்டால் ஒன்பது பைட், அதாவது ஒன்பது சின்ன எண்களாகப் பதில் தரும். மூன்றாவது பைட்டை 256-ஆல் பெருக்கி நான்காவதைக் கூட்டினால் பிபிஎம் வந்துவிடும். மூன்றாவது 9, நான்காவது 96 என்றால் 2,400. பத்து லட்சம் பங்கு காற்றில் 2,400 பங்கு கரியமில வாயு என்று பொருள். மின்சாரம் கொடுத்த முதல் மூன்று நிமிட எண்களைத் தூக்கிப்போட்டுவிட வேண்டும். நிமிடத்துக்கு ஒரு முறை மெமரி கார்டில் எழுதும்படி வைத்தேன். பெட்டிக்கு மனைவியின் பழைய டிபன் டப்பா, பக்கவாட்டில் வரிசையாகத் துளைகள். தலையணைப் பக்கம் வைக்காமல், படுக்கையிலிருந்து ஆறடி தள்ளி, படுக்கும் உயரத்தில் ஒரு ஸ்டூலில் வைத்தேன். நாம் வெளியே விடும் மூச்சில் ஏறத்தாழ நான்கு சதவீதம், அதாவது 40,000 பிபிஎம் இருக்கும். முகத்துக்குப் பக்கத்தில் வைத்தால் அறையை விட்டுவிட்டு அதைத்தான் அளக்கும்.

முதல் இரவு

இரவு பத்து மணிக்குக் கதவைச் சாத்தி ஏசியை 25-இல் போட்டோம். அப்போது 600. பன்னிரண்டுக்கு 1,900. இரண்டு மணிக்கு 2,500. ஐந்து மணிக்கு 2,840. வெளிக்காற்று 430-ஐ ஒட்டித்தான் இருக்கிறது. காலையில் கார்டை லேப்டாப்பில் போட்டு வரைபடத்தைப் பார்த்ததும் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதுக்கு மெஷின் வேற வேணுமா" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் எண்கள் அழகாகப் பொருந்தின. அறையின் கொள்ளளவு 1,100 கன அடி, அதாவது 31 கன மீட்டர். தூங்கும் பெரியவர் ஒருவர் மணிக்கு ஏறத்தாழ பன்னிரண்டு லிட்டர் கரியமில வாயு விடுவார், குழந்தை ஏழு லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். மூன்று பேருக்கு 31 லிட்டர். 31,000 லிட்டர் அறையில் மணிக்கு 31 லிட்டர் என்றால், துளிக்கூடக் காற்று மாறாவிட்டால் மணிக்கு ஆயிரம் பிபிஎம் ஏற வேண்டும். எங்கள் எண் 3,000-ஐ நோக்கிப் போய்த் தயங்குவதால் எங்கோ கொஞ்சம் கசிகிறது. மணிக்கு ஏறும் 1,000-ஐ, வெளிக்காற்றை விடக் கூடுதலாக நிற்கும் சுமார் 2,500-ஆல் வகுத்தால், மணிக்கு அறையின் 0.4 பங்கு காற்று மட்டும் மாறுகிறது. அதாவது ஒரு முறை முழுசாக மாற இரண்டரை மணி நேரம்.

இன்னொரு கணக்கு மனதை ரொம்பத் தொந்தரவு செய்தது. வெளியே விடும் மூச்சு 40,000, அறையில் வெளிக்காற்றை விடக் கூடுதலாக இருப்பது 2,400. வகுத்தால் ஆறு சதவீதம். விடியற்காலையில் நாங்கள் உள்ளே இழுத்த காற்றில் கிட்டத்தட்ட பதினாறில் ஒரு பங்கு, எங்களில் யாரோ ஒருவர் ஏற்கெனவே மூச்சாக விட்ட காற்று. மகனுக்குச் சளி பிடித்தால் மூன்றே நாளில் எங்கள் இருவருக்கும் வருவதைப் பற்றி நான் வேறு மாதிரி யோசிக்க ஆரம்பித்தேன்.

ஆக்சிஜன் கணக்கையும் முடித்துவிடுகிறேன். கரியமில வாயு கால் சதவீதம் ஏறினால் ஆக்சிஜன் 20.9-இலிருந்து 20.6-க்கு வரும். மலையேறுபவர்கள் சந்திக்கும் குறைவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. "ஏசி ரூம்ல ஆக்சிஜன் தீர்ந்துடும்" என்ற பேச்சை இனி விட்டுவிடலாம்.

இதற்கு நடுவில் ஒரு கோளாறு. ஐந்தாம் நாள் அதே மூன்று பேர், அதே அறை, ஆனால் விடிகாலையில் எண் 2,600-ஐத் தாண்டவில்லை. காற்றோட்டம் தானாகவே சரியாகிவிட்டதா என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டேன். கருவியை மொட்டைமாடிக்குக் கொண்டுபோனால் 400-இல் ஒட்டிக்கொண்டு அசையவே இல்லை. சென்சார் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் ஏற்பாடு ஒன்று வைத்திருக்கிறது. ஒவ்வொரு 24 மணி நேரத்திலும் தான் பார்த்த மிகக் குறைந்த எண்ணை "இதுதான் வெளிக்காற்று, 400" என்று எடுத்துக்கொள்ளும். இரவில் ஆள் இல்லாமல் காலியாகிவிடும் அலுவலகத்துக்கு அது சரி. எங்கள் அறை பகலிலும் 600-க்குக் கீழே போவதில்லை. அதனால் அது தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பொய் சொல்லப் பழகிவிட்டது. அந்த ஏற்பாட்டை நிரலில் ஒரு கட்டளை கொடுத்து நிறுத்தினேன். பிறகு மதியம் மூன்றரைக்குக் கடல்காற்று நன்றாக அடிக்கும்போது மாடியில் இருபது நிமிடம் வைத்து, இதுதான் வெளிக்காற்று என்று நானே அதற்குக் கட்டளை கொடுத்துத் திருத்தினேன். விடிகாலையில் இதைச் செய்யாதீர்கள். செடிகொடிகளும் மண்ணும் இரவெல்லாம் கரியமில வாயுவை விட்டுக்கொண்டிருக்கும், காற்றும் அசையாது, வெளிக்காற்றே கூடுதலாக இருக்கும். பக்கத்தில் குனிந்து மூச்சு விடவும் கூடாது.

2,840 கெடுதலா?

இதில் நேர்மையாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பயமுறுத்துவது எளிது.

அமெரிக்கத் தொழிற்சாலை விதிப்படி எட்டு மணி நேர வேலைக்கு எல்லை 5,000 பிபிஎம். 40,000 உயிருக்கு உடனடி ஆபத்து என்று வகுத்திருக்கிறார்கள். மூன்று சதவீதத்தில் மூச்சு வாங்குவது நன்றாகத் தெரியும், ஐந்தில் தலைவலியும் கிறுகிறுப்பும் வரும், பத்தில் சில நிமிடங்களுக்குள் நினைவு போய்விடும். எங்கள் அறை 0.28 சதவீதம். அதற்கு நுரையீரல் செய்ய வேண்டிய கூடுதல் வேலை ஐந்து சதவீதம் அளவுக்குத்தான் வரும், நல்ல உடம்புக்கு அது தெரியவே தெரியாது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்கள் நிலை வேறு. அவர்களில் சிலருக்கு உள்ளே சேரும் வாயுவை வெளியேற்றுவதே பாடு.

அப்படியென்றால் தலை கனம் எதனால்? ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. 2012-இல் கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் மற்றக் காற்றையெல்லாம் சுத்தமாக வைத்து, கரியமில வாயுவை மட்டும் 1,000, 2,500 என்று ஏற்றிப் பார்த்தபோது முடிவெடுக்கும் திறன் குறைந்தது. பின்னால் டென்மார்க்கில் தூய வாயுவை 3,000 வரை ஏற்றியபோது பெரிய மாற்றம் தெரியவில்லை. ஆனால் மனிதர்களின் மூச்சாலும் தோலாலும் அதே அளவு ஏறியபோது தலைவலியும் சோர்வும் கூடின. அதே நாட்டில் மாணவர் விடுதி அறைகளில் ஜன்னலைச் சாத்தியும், காற்றோட்டம் கொடுத்தும் தூங்க வைத்துப் பார்த்தார்கள். முதல் சுற்றில் சராசரி 2,585-ஆக இருந்ததை 660-க்கு இறக்கியபோது தூக்கமும் மறுநாள் கவனமும் மேம்பட்டதாக 2016-இல் வெளியிட்டார்கள். அந்தச் சுற்றில் பதினாலே பேர், அடுத்த சுற்றில் பதினாறே பேர், அதையும் மறக்கக் கூடாது.

இவற்றைப் படித்தபின் நான் வந்த முடிவு இது. 2,840 என்ற எண்ணை விஷத்தின் அளவாகப் பார்க்க வேண்டாம். காற்று எவ்வளவு பழசாகிவிட்டது என்பதற்கு அது சாட்சி. கரியமில வாயு சேர்கிற இடத்தில் வியர்வை ஆவி, கிருமி, கொசு விரட்டி மருந்தின் புகை, அலமாரி வார்னிஷ் நெடி எல்லாம் சேர்ந்துதான் இருக்கும். 1858-இல் மியூனிக்கில் மாக்ஸ் ஃபான் பெட்டென்கோஃபர் என்ற சுகாதார அறிஞர் ஆயிரம் பிபிஎம் எல்லையைச் சொன்னதும் இந்த அர்த்தத்தில்தான். நானும் அதையே இலக்காக வைத்துக்கொண்டேன்.

ஒரு எச்சரிக்கை: இதெல்லாம் கார்பன் டை ஆக்சைடு பற்றியது. மூடிய அறையில் ஜெனரேட்டரோ கரி அடுப்போ எரிந்தால் வருவது கார்பன் மோனாக்சைடு. அதற்கு வாசனை கிடையாது, மூச்சு முட்டவும் முட்டாது, தூக்கத்திலேயே கொன்றுவிடும். என் கருவிக்கு அது தெரியவே தெரியாது.

திறந்த கதை

முதலில் செலவில்லாத வழி. கதவை இரண்டு இஞ்ச் திறந்து வைத்துப் படுத்தோம். விடிகாலையில் 1,300. நல்ல பலன்தான், ஆனால் ஹால் லைட், அம்மா பார்க்கும் சீரியல் சத்தம், அறை குளிராமல் ஏசி ஓயாமல் ஓடியது. இரண்டாவது, அட்டாச்டு பாத்ரூமின் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுப் பாத்ரூம் கதவைச் சாத்தாமல் வைத்தேன். ஒரு மணி நேரத்தில் 700-க்கு இறங்கியது. ஆனால் அது நமக்கு வேண்டியதைப் போல நாலைந்து மடங்கு காற்றை இழுத்தது. அறை புழுங்கியது, சத்தம் வேறு. மகன் எழுந்து உட்கார்ந்துகொண்டான்.

மூன்றாவதுதான் நின்றது. வென்டிலேட்டரின் சிலிகானைக் கத்தியால் அறுத்து, ப்ளைவுட்டைக் கழற்றி, தெர்மாகோலை எடுத்தேன். நான்கு வருடக் கரப்பான் பூச்சிக் குடும்பம் அதற்குள் இருந்தது. அதே ப்ளைவுட்டில் வட்டமாக அறுத்து 120 மில்லிமீட்டர் கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றைத் திருகினேன். பன்னிரண்டு வோல்ட்தான், ஷாக் பயம் இல்லை. முதலில் காற்றை வெளியே தள்ளும்படி மாட்டினேன். எண் நன்றாக இறங்கியது, ஆனால் நள்ளிரவில் சாக்கடை நாற்றம். வெளியே தள்ளினால் அந்த இடத்தை நிரப்ப எங்கிருந்தாவது காற்று வந்தாக வேண்டும். அது பாத்ரூம் தரைத் துளை வழியாக வந்தது, அங்கே சாக்கடைக் காற்றைத் தடுக்கத் தேங்கி நிற்க வேண்டிய தண்ணீர் காய்ந்துபோயிருந்தது. ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றியதும் நாற்றம் நின்றது. ஆனாலும் ஃபேனைத் திருப்பிப் போட்டுவிட்டேன், இப்போது வெளிக்காற்று உள்ளே வருகிறது, பழைய காற்று இடுக்குகள் வழியாக வெளியே போகிறது. எந்த வழியாகக் காற்று வரவேண்டும் என்பதை நாம் தீர்மானிக்கலாம், அதில் வலையும் வடிகட்டியும் வைக்கலாம்.

வெளிப்பக்கம் எஃகுக் கொசுவலை கட்டாயம். கொசு நம்மைத் தேடி வருவதே மூச்சில் உள்ள கரியமில வாயுவின் தடம் பிடித்துத்தான். உள்பக்கம் துவைக்கக்கூடிய ஸ்பாஞ்ச் வடிகட்டி. பதினைந்து நாளில் எடுத்துப் பார்த்தேன், கன்னங்கரேல் என்று இருந்தது. பெரிய சாலை ஓரத்தில் இருப்பவர்கள் இதைவிட நல்ல வடிகட்டி போட வேண்டும்.

எதிர்பாராத தொல்லை ஒன்று. எதிர்ச்சுவர் ஏசி நேராக அந்த ஃபேன் மேல் குளிரை வீசியது. வெளியே இருந்து வரும் ஈரக்காற்று அந்தக் குளிர்ந்த சட்டத்தில் பட்டு முத்து முத்தாகத் தண்ணீர் கோத்து, சொட்டி, ஜன்னல் திரையை நனைத்தது. சட்டத்துக்கு ஓரடி முன்னால் சின்னத் தடுப்புப் பலகை வைத்து ஏசிக் காற்றைத் திருப்பியபின் நின்றது. ஃபேனை முழு வேகத்தில் விட்டால் இரைச்சல், அதனால் மாற்றக்கூடிய அடாப்டரில் ஒன்பது வோல்ட்டில் ஓடுகிறது.

பலன்: இரவு பன்னிரண்டுக்கு 950, விடிகாலை ஐந்துக்கு 1,050. மணிக்கு ஐம்பது கன மீட்டர் காற்று, அதாவது அறை மணிக்கு ஒன்றரை முறைக்கு மேல் மாறுகிறது. மின்சாரம்? பிளக்கில் மீட்டர் வைத்துப் பார்த்தேன். ஒரு வாரச் சராசரி இரவுக்கு 4.6 யூனிட்டாக இருந்தது 5.5 ஆனது. சென்னைக் காற்றில் உள்ள ஈரத்தைப் பிழியத்தான் அந்தக் கூடுதல் போகிறது. ஒரு இரவுக்கு ஒரு யூனிட்டுக்கும் குறைவு. எங்கள் வீட்டுக்கு அது பெறும்.

மனைவியின் தலை கனம் ஒரு வாரத்தில் குறைந்தது. அது காற்றாலா, அந்த வாரம் அவருக்கு வேலை குறைவாக இருந்ததாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. மகன் புரள்வது குறைந்திருக்கிறது என்று மட்டும் இருவருக்கும் தெரிகிறது. அம்மா பாயை அறைக்குத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்.

ஊரில் மாமாவிடம் போனில் இதைச் சொன்னபோது அவர் உடனே கேட்டார்: "மாப்ளே, அதைக் கயித்துல கட்டி நம்ம தூர்வார்ற கிணத்துக்குள்ள இறக்கிப் பார்க்கலாமா?" வேண்டவே வேண்டாம் மாமா என்றேன். கரியமில வாயு காற்றை விட ஒன்றரை மடங்கு கனம், ஆழத்தில் தங்கும். 1986 ஆகஸ்டில் கேமரூனில் நியோஸ் ஏரி ஒரே இரவில் கக்கிய வாயு பள்ளத்தாக்குகளில் இறங்கிப் படுத்து, 1,700-க்கும் மேற்பட்ட மக்களைக் கொன்றது. ஆனால் என் சென்சார் 5,000 பிபிஎம்முக்கு மேல் அளக்காது. ஆக்சிஜன் எவ்வளவு என்று தெரியாது. அழுகல் கிடங்கில் வரும் ஹைட்ரஜன் சல்பைடு அதற்குப் புலப்படாது. பழைய வழக்கப்படி விளக்கைக் கட்டி இறக்கினால், அணைந்தால் இறங்காதே என்று அர்த்தம், அது சரி. அணையாவிட்டால் இறங்கலாம் என்று அர்த்தம் கிடையாது. உள்ளே விழுந்தவரைத் தூக்க அடுத்தவர் இறங்கி, அவரைத் தூக்க மூன்றாமவர் இறங்கி, ஒரே குடும்பத்தில் மூன்று பேர் போன செய்திகளை நாம் படித்துக்கொண்டேதான் இருக்கிறோம். கிணற்றுக்கு நான்கு வகை வாயுக்களை அளக்கும் கருவியும், காற்றை உள்ளே செலுத்தும் ப்ளோயரும், மேலே கயிற்றைப் பிடித்தபடி ஆட்களும் வேண்டும். மாமா கேட்டுக்கொண்டார். ப்ளோயர் வாடகைக்கு எடுத்த பிறகே வேலை நடந்தது.

கருவி இப்போது எங்கள் வீட்டில் இல்லை. மகன் டியூஷன் போகும் மாடி அறையில் இருக்கிறது. பதினாறுக்குப் பதினாலு அடி, இருபத்திரண்டு பிள்ளைகள், ஏசி. முதல் நாள் ஐம்பது நிமிடத்தில் 3,360 காட்டியது. பாடம் எடுக்கும் அக்கா எண்ணைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் எதிரெதிரே இருந்த இரண்டு ஜன்னலையும் திறந்தார். இருபது நிமிடத்தில் 1,250. "இது ஒரு வாரம் இங்கேயே இருக்கட்டுமா சார்?" என்றார். நான் இன்னொரு சென்சாருக்கு ஆர்டர் போட்டிருக்கிறேன்.